பால் பாட்டில் பிரஷ்: நைலானா, ஸ்பாஞ்சா, சிலிக்கானா?

மேலோட்டமாகப் பார்த்தால் எந்த பிரஷ் வாங்குவது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நாலு மாதக் குழந்தை, தாய்ப்பாலோடு பவுடர் பாலும் போகிறது. நைலான் பிரஷ் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பாட்டில் உள்ளே மங்கிவிட்டது, கொதிக்க வைத்து எடுத்த பிறகும் மூடியைத் திறந்தால் புளித்த வாடை. சிலிக்கானுக்கு மாறலாமா, பிரஷை எப்போது மாற்றுவது, பிரஷையும் கொதிக்க வைக்க வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: இவ்வளவு தேய்த்தும் கொதிக்க வைத்தும் பால் எங்கோ தங்கிவிடுகிறதே, எங்கே? அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பால் பாத்திரங்கள் கழுவுவதைப் பல வருடம் கவனித்தும் கற்றுக்கொடுத்தும் வந்ததில் உறுதியாகத் தெரிந்தவற்றையும், வெறும் கைவழக்கமாகச் சொல்லப்படுபவற்றையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத ஒன்று: கொதிக்க வைப்பது கழுவுவது ஆகாது. கொதிநீர் கிருமியைக் கொல்லும், பிசுக்கை எடுக்காது. அதோடு பிசுக்கை இன்னும் கெட்டியாகப் பிடிக்கவும் வைக்கும். பாலில் உள்ள புரதம் சூட்டில் திரைந்து பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியைச் சுரண்டித் தேய்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பால் பண்ணைகளில் குழாயையும் தொட்டியையும் முதலில் வெதுவெதுப்பான நீரில் அலசிவிட்டு, அப்புறம்தான் சுடுநீரும் காரக் கரைசலும் விடுவார்கள். நீர் ரொம்பச் சில்லென்று இருந்தால் கொழுப்பு உறைந்து சுவரில் படியும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் புரதம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே, கை பொறுக்கும் இதமான சூட்டில், அதாவது 35 முதல் 45 டிகிரிக்குள் முதல் அலசல் இருக்க வேண்டும். நம் ஊர் வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீரே அந்தப் பதத்தில்தான் வரும். குழந்தை குடித்து முடித்ததும் நேராகக் கொதிநீரை ஊற்றி அலசும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், வாடைக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

பால் தங்கும் இடங்களும் ஓரளவு எல்லா பாட்டிலிலும் ஒன்றுதான். அடிப்பக்கமும் சுவரும் சேரும் மூலை முதலாவது. பவுடர் பால் சரியாகக் கரையாமல் அங்கேதான் பசை போல உட்காரும். அடி உருண்டையாக இருக்கும் பாட்டிலில் குறைவு, சதுரமாக ஒடியும் பாட்டிலில் அதிகம். இரண்டாவது, கழுத்துக்குக் கீழே உள்ள தோள் வளைவு. தாய்ப்பாலின் கொழுப்பு மேலே மிதப்பதால் சாய்த்துக் கொடுக்கும்போது அங்கே ஒட்டும். மூன்றாவது, கழுத்தின் வெளிப்புற மரையும் வளையத்தின் உட்புற மரையும். நிறைய பேர் பாட்டிலின் உள்ளே நூறு முறை தேய்ப்பார்கள், இந்த மரையைத் தொடவே மாட்டார்கள். வளையத்தைத் திருகும்போது கசியும் ஒரு சொட்டுப் பால் அந்தப் பள்ளத்தில் காய்ந்து மஞ்சளாக வரிவரியாக நிற்கும். நான்காவது நிப்பிள்: அதன் நுனிக்குள், அப்புறம் அது வளையத்தில் பொருந்தும் அடிவிளிம்பின் சிறு பள்ளத்தில். நீங்கள் சொல்லும் வாடை பெரும்பாலும் பாட்டிலின் சுவரிலிருந்து வருவதல்ல. மூன்றாவதிலிருந்தும் நான்காவதிலிருந்தும் வருவது. பாட்டில், வளையம், நிப்பிள் மூன்றையும் கழுவி உலர்த்தி, தனித்தனியாகச் சின்ன மூடி போட்ட டப்பாக்களில் ஓர் இரவு வைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். எது என்று தெரிந்துவிடும்.

மங்கல் தனி விஷயம். அதற்கு மூன்று காரணங்கள் உண்டு, மூன்றையும் வீட்டிலேயே பிரித்தறியலாம். நன்றாக உலர்ந்த பாட்டிலின் உள்ளே, மங்கலான இடத்தில் சில சொட்டு வெள்ளை வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்து அலசி உலர்த்துங்கள். அந்த இடம் மட்டும் தெளிந்தால் அது உப்புப் படிவு. போர் தண்ணீர் உள்ள வீடுகளில் இட்லிப் பானையின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, புளித்துண்டு போட்டுத் தடுப்போமே, அதே படிவுதான். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் போய்விடும். கொதிக்க வைக்க கேன் தண்ணீர் பயன்படுத்தினால் திரும்ப வராது. வினிகருக்கு அசையாமல், விரலை உள்ளே விட்டால் வழுக்கினால், அது பால் பிசுக்கு. சோப்பு போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போகும். நனைந்திருக்கும்போது பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் அது கீறல். அது எதற்கும் போகாது. தண்ணீர் கீறல்களை நிரப்பி மறைக்கிறது, காய்ந்ததும் அவை வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாட்டில்கள் புதிதிலேயே கண்ணாடி மாதிரி இருக்காது, லேசாகப் பால் நிறம் கலந்துதான் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அதோடு ஒப்பிட வேண்டும், கண்ணாடி டம்ளரோடு அல்ல.

இப்போது பிரஷ். நைலான் பிரஷ் என்பது இரண்டு கம்பிகளை முறுக்கி, நடுவே இழைகளைச் செருகிச் செய்தது. இழை மெல்லியது, விறைப்பானது. காய்ந்த பசையைச் சுரண்டி எடுக்கும், மூலைக்குள் போகும், உதறினால் சீக்கிரம் உலரும். கண்ணாடி பாட்டிலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பிளாஸ்டிக்குக்கு இதுவே கீறலைத் தரும், அதுவும் பழசாகி இழைகள் விரிந்து மடங்கிய பிறகு இன்னும் அதிகமாக. ஜப்பானில் பிஜியன் போன்ற நிறுவனங்கள் கண்ணாடிக்கு நைலான் பிரஷ், பிளாஸ்டிக்குக்கு ஸ்பாஞ்ச் பிரஷ் என்று பிரித்தே விற்பது இதனால்தான். நைலான் பிரஷில் இன்னோர் ஆபத்தான இடம் அதன் நுனி. முறுக்கிய கம்பி முடியும் இடத்தில் இழைக் கொத்தோ பிளாஸ்டிக் குமிழோ இருந்து கம்பியை மூட வேண்டும். அது இல்லாத மலிவான பிரஷில் கம்பி நுனி அடியை உரசி, பாட்டிலின் நடுவில் வட்டமாகக் கோடு போடும். உங்கள் பாட்டிலைக் கவிழ்த்து வெளிச்சத்தில் அடியைப் பாருங்கள். அப்படி ஒரு வட்டம் தெரிந்தால் குற்றவாளி யார் என்று கேட்கவே வேண்டாம்.

ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக்கைக் கீறாது. சுவரில் முழுதாகப் படிந்து தேய்ப்பதால் கொழுப்புப் பிசுக்கை எடுப்பதில் மூன்றிலும் இதுதான் கெட்டிக்காரன். ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. அதன் துளைகளுக்குள் பால் கலந்த நீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ராத்திரி கழுவி வைத்த ஸ்பாஞ்ச் காலையிலும் ஈரமாகவே இருக்கும். சிலிக்கான் இதற்கு நேர் எதிர்: நீரை உறிஞ்சாது, உதறினால் நிமிடங்களில் உலரும், கொதிநீரைத் தாங்கும், கீறாது. குறை என்னவென்றால் அதன் இழைகள் தடிமனாகவும் வழவழப்பாகவும் இருப்பதால் காய்ந்த பாலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அடி மூலைக்குள் புகாது. சோப்பு வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் சிலிக்கானுக்கு உண்டு, அதனால் வாசனை தூக்கலான திரவம் போட்டால் பிரஷும் நிப்பிளும் நாள் முழுக்க எலுமிச்சை மணக்கும். குடித்தவுடன் கழுவுகிற வீட்டுக்கு சிலிக்கான் நன்றாகவே போதும். ராத்திரி மூன்று மணிக்குக் கொடுத்த பாட்டிலைக் காலை ஏழு மணிக்குக் கழுவுகிற வீட்டுக்கு, யதார்த்தத்தில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான், அது தனியாகப் போதாது. அந்த வீட்டுக்கு ஒரு வழி: குடித்து முடித்ததும் பிரித்து ஒரு அலசு அலசி, பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் படுங்கள். ஒரு நிமிட வேலைதான், பால் காயாமல் இருந்தால் காலையில் எந்த பிரஷும் வேலை செய்யும்.

அளவும் முக்கியம். 250 மில்லி பாட்டிலின் அடியைத் தொட்ட பிறகும் கைப்பிடி உங்கள் உள்ளங்கைக்குள் முழுதாக இருக்கும் நீளம் வேண்டும். இல்லையென்றால் விரல் நுனியால் பிடித்துத் தேய்ப்பீர்கள், அழுத்தம் போகாது. தலை, பாட்டிலின் உள் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக, கழுத்து வழியாக நெருக்கிக்கொண்டு நுழைவதாக இருக்க வேண்டும். குறுகிய கழுத்து பாட்டிலுக்கும் அகலக் கழுத்து பாட்டிலுக்கும் ஒரே பிரஷ் சரிப்படாது. மோட்டார் வைத்துச் சுழலும் பிரஷ்களும் வருகின்றன. கை வலி உள்ளவர்களுக்கு உதவும், மற்றபடி கூடுதல் சுத்தம் ஒன்றும் தருவதில்லை.

நிப்பிளுக்குத் தனி சின்ன பிரஷ் வேண்டுமா என்றால், அகலமான சிலிக்கான் நிப்பிளை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, சோப்பு தொட்ட விரலால் தேய்ப்பதே நல்லது. விரலுக்கு வழுக்கல் தெரியும், பிரஷுக்குத் தெரியாது. புரட்ட வராத குறுகிய நிப்பிளுக்குக் கூம்பு வடிவச் சின்ன பிரஷ் வேண்டும். அதை நுனி வரை விட்டு மெதுவாகச் சுற்ற வேண்டும், குத்தக் கூடாது. துளை கிழிந்து பெரிதானால் பால் வேகமாக வந்து குழந்தைக்குப் புரையேறும். துளை அடைத்திருந்தால் ஊசியை எடுக்காதீர்கள். நிப்பிளில் சோப்பு நீர் நிரப்பி, திறந்த பக்கத்தை மூடிக்கொண்டு அழுத்தினால் துளை வழியாகப் பீச்சி அடிக்கும், அடைப்பும் அதோடு வந்துவிடும். விளிம்பில் காற்று போக ஒரு சின்னத் துவாரம் இருக்கும், அதை இரண்டு விரலால் நசுக்கி அலசினால் போதும். லேடெக்ஸ் நிப்பிள், அந்தப் பழுப்பு மஞ்சள் ரப்பர், கொதிக்கக் கொதிக்கப் பிசுபிசுக்கும். விரலில் ஒட்ட ஆரம்பித்தால் அது முடிந்தது.

வாயு வராமல் தடுக்க உள்ளே குழாய் வைத்த பாட்டில்கள், உதாரணத்துக்கு டாக்டர் பிரவுன்ஸ், கூடவே குச்சி மாதிரி ஒரு மெல்லிய பிரஷைத் தந்தே விற்கப்படுகின்றன. அதைத் தொலைத்துவிட்டால் அந்தக் குழாயைப் பயன்படுத்தாதீர்கள் என்றே சொல்வேன். குழாயின் உள்ளே எதுவும் போகாமல் வெறும் தண்ணீர் ஓடினால் சுத்தமாகிவிடும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது, அதன் விளைவு மிகக் கொடுமையானது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் பிரான்சிலும் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய பால் பாட்டில்கள் வீட்டுக்கு வீடு இருந்தன. குழந்தை படுத்தபடி தானே உறிஞ்சிக் குடிக்கும், அம்மாவுக்கு வசதி. குழாயின் உள்ளே பால் அழுகியது. அந்த பாட்டில்களுக்குப் பின்னாளில் ‘கொலைகார பாட்டில்’ என்றே பெயர் வந்தது. பிரான்ஸ் 1910இல் அவற்றைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இங்கிலாந்தில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் என்ற நிறுவனம் 1894இல் இரண்டு பக்கமும் திறந்த, படகு வடிவ பாட்டிலைக் கொண்டுவந்தது. தண்ணீர் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வழிந்து ஓடும், உள்ளே மூலையே கிடையாது. பாட்டில் வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியதும் அதுதான்: எத்தனை பாகம், எத்தனை மூலை, ஒவ்வொன்றிலும் விரலோ பிரஷோ போகுமா. உறிஞ்சு குழல் வைத்த சிப்பர் கப்புக்கும் இதே கணக்கு. குழலுக்குப் பொருந்தும் மெல்லிய பிரஷ் இல்லாமல் அதில் பால் ஊற்றாதீர்கள், தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் பம்ப் இருந்தால் அதில் வாத்து அலகு போல ஒரு சிலிக்கான் வால்வு இருக்கும், அதற்குள் பிரஷை விடவே கூடாது. அந்தப் பிளவு துளி விரிந்தாலும் உறிஞ்சும் வேகம் போய்விடும். சோப்பு நீரில் ஊறவிட்டு விரலால் தடவி அலசுவது மட்டும்தான்.

கழுவும் முறையை ஒரு தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் துலக்கும் தொட்டியில் நேராக வைத்துக் கழுவாதீர்கள். மீன், கறி, முட்டை எல்லாம் அலசுகிற இடம் அது. பால் பாட்டிலுக்கென்றே ஓர் அகலமான பேசின் வைத்துக்கொள்ளுங்கள், பிரஷும் அதற்கு மட்டும்தான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியும் இதையே வலியுறுத்துகிறது. கையைக் கழுவிவிட்டு, எல்லாவற்றையும் பிரித்து, இதமான நீரில் அலசுங்கள். பேசினில் ஒன்றரை லிட்டர் அளவு கை பொறுக்கும் வெந்நீர், மூன்று நாலு சொட்டு சாதாரணப் பாத்திரத் திரவம் போதும். குழந்தைக்கென்று தனியாக விற்கும் திரவம் கட்டாயமில்லை, கடைசியில் நன்றாக அலசுவதுதான் கட்டாயம். பாத்திரம் தேய்க்கும் பவுடர், ஸ்டீல் நார், உப்பு எதுவும் பிளாஸ்டிக் பக்கம் வரக் கூடாது. பிரஷை அடி வரை விட்டு, மேலும் கீழும் குத்தாமல், மணிக்கட்டால் சுழற்றுங்கள். பத்துச் சுற்று அடியில், பிறகு பாட்டிலைச் சாய்த்து மூலையில் ஒரு வலம், அப்படியே சுவர், தோள். வெளியே எடுக்கும்போது மெதுவாக எடுக்க வேண்டும். சடக்கென்று இழுத்தால் இழைகள் விரிந்து முகத்தில் சோப்பு தெறிக்கும். பிறகு மரை: சின்ன பிரஷைச் சாய்த்து வைத்து, திருகு போகும் திசையிலேயே ஓட்டுங்கள், குறுக்கே அல்ல. வளையத்தின் உள்ளேயும் அதே மாதிரி. கடைசியில் ஓடும் தண்ணீரில் நுரை வாசனை போகும் வரை அலசுங்கள்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, கண்ணாடி பாட்டிலில் ஓர் எளிய சோதனை உண்டு. அலசிக் கவிழ்த்தால் தண்ணீர் திரை மாதிரி ஒரே சீராக இறங்க வேண்டும். எங்காவது முத்து முத்தாகப் பிரிந்து நின்றால் அங்கே கொழுப்பு இருக்கிறது. பாலிப்ரோப்பிலீனில் இந்தச் சோதனை பலிக்காது, சுத்தமான பிளாஸ்டிக்கிலும் தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும். அதற்கு முகர்ந்து பார்ப்பதும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதும்தான் வழி. வெளிச்சத்தில் பார்க்கும்போது உதிர்ந்த இழை ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நைலான் இழை ஒன்று நிப்பிள் வரை போனால் குழந்தையின் தொண்டைக்கும் போகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கொதிக்க வைப்பது. பாகங்கள் முழுக்க மூழ்கி, உள்ளே காற்றுக் குமிழி நிற்காமல் இருக்க வேண்டும். தளதளவென்று கொதி வந்ததிலிருந்து கணக்கு: சிடிசி 5 நிமிடம் என்கிறது, பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் குறைந்தது 10 நிமிடம் என்கிறது. நான் பத்தையே சொல்வேன், அதிகமாக ஐந்து நிமிடம் கொதிப்பதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வெளியே எடுத்தபின் துணியால் துடைக்க வேண்டாம், பிரஷை மறுபடி உள்ளே விடவே வேண்டாம். கவிழ்த்துத் தானாக உலரவிடுங்கள்.

பிரஷைக் கொதிக்க வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். பாட்டில் பிறகு எப்படியும் கொதிக்கப் போவதால், பிரஷ் கிருமியே இல்லாமல் இருக்க வேண்டிய அவசியமில்லை. சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் போதும். இந்த இரண்டாவதில்தான் பெரும்பாலான வீடுகள் தவறுகின்றன. பிரஷ் பாலைத் தொடுகிறது, ஈரமாகிறது, ஒரு குவளையில் தலை மேலே இருக்க நிறுத்தி வைக்கப்படுகிறது. தண்ணீர் கம்பி வழியாக இறங்கிக் கைப்பிடியின் இணைப்புக்குள் போய் நிற்கிறது. சில வாரத்தில் அங்கே ஒரு கறுப்பு வளையம் தெரியும், அது பூஞ்சை. பிரஷோடு வரும் தாங்கிக் குவளையின் அடியிலும் கலங்கிய நீர் சேரும். ஒவ்வொரு முறையும் பிரஷுக்குச் சோப்பு போட்டு அலசி, நாலு முறை உதறி, ஸ்பாஞ்ச் என்றால் பிழிந்து, தலை கீழே இருக்கும்படி ஆணியில் தொங்கவிடுங்கள். கரப்பான் ஓடும் சமையலறை என்றால் ஜன்னலோரம், காற்று படும் இடத்தில். மழைக்காலத்தில் இரண்டு பிரஷ் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பதே உலர்வதற்கு நேரம் கொடுக்கும் ஒரே வழி. சில நாட்களுக்கு ஒருமுறை பிரஷையும் பேசினையும் சோப்பும் வெந்நீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

அதற்கு மேலும் செய்ய விரும்பினால், சிலிக்கான் பிரஷைத் தாராளமாகக் கொதிக்க வைக்கலாம். நைலான் இழை கொதிநீரைத் தாங்கும், ஆனால் பாத்திரத்தின் அடியில் சாய்ந்து கிடந்தால் அந்தக் கோணலிலேயே நின்றுவிடும், கைப்பிடி பிளாஸ்டிக்கும் வளையலாம். உயரமான டம்ளரில் இப்போதுதான் இறக்கிய கொதிநீரை ஊற்றி, தலையை மட்டும் சில நிமிடம் தொங்கவிட்டு எடுப்பது பாதுகாப்பு. ஸ்பாஞ்சுக்கு அட்டையில் என்ன போட்டிருக்கிறதோ அதைத் தாண்டாதீர்கள், பல ஸ்பாஞ்சுகள் சூட்டில் நொறுங்கும். கம்பி உள்ள பிரஷை மைக்ரோவேவ் ஸ்டெரிலைசரில் வைக்கவே கூடாது. கிருமிநீக்கத்துக்கு வரும் குளோரின் கரைசலில் ஊறப்போட்டால் கம்பி துரு ஏறும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? ஸ்பாஞ்ச் மாதம் ஒன்று, நைலான் இரண்டு மூன்று மாதம் என்று பலரும் சொல்வார்கள். இது ஆய்வில் வந்த எண் அல்ல, கைவழக்கம். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில் கழுவும் வீட்டிலும் எட்டு பாட்டில் கழுவும் வீட்டிலும் பிரஷ் ஒரே வேகத்தில் தேயாது. நாளை விட்டுவிட்டுப் பொருளைப் பாருங்கள்: இழைகள் பூ மாதிரி விரிந்துவிட்டதா, விரலால் இழுத்தால் ஓர் இழையாவது கையோடு வருகிறதா, கம்பியில் துருப் புள்ளி உண்டா, ஸ்பாஞ்ச் கிழிந்து துணுக்கு உதிர்கிறதா, உலர்ந்த பிறகும் வாடை அடிக்கிறதா. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மாற்றுங்கள். வாங்கிய அன்றே இழையை இழுத்துப் பார்த்துவிட்டுச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், புது பிரஷ் முதல் நாளில்தான் அதிகம் உதிர்க்கும்.

கடை அட்டைகளில் சொல்லும் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சிலிக்கானில் கிருமி வளராது என்பது. குரோனோபாக்டர் என்ற கிருமி சிலிக்கான், லேடெக்ஸ், பாலிகார்பனேட், ஸ்டீல் என்று எல்லாவற்றின் மேலும் படலம் கட்டுவது ஆய்வகங்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. சிலிக்கான் சீக்கிரம் உலர்கிறது, அதுதான் அதன் பலம், மற்றபடி அதில் மந்திரம் எதுவும் இல்லை. இரண்டாவது, நைலான் பிரஷ் போட்டால் பிளாஸ்டிக் துகள் பாலில் கலக்கும் என்று 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்டதைக் காட்டிச் சொல்வது. பாலிப்ரோப்பிலீன் பாட்டிலில் லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்துகள்கள் வெளிவருவதை அவர்கள் அளந்தது உண்மை. அவர்கள் பார்த்தது வெந்நீரையும் குலுக்கலையும், பிரஷ் கீறலை அல்ல. அந்த ஆய்விலிருந்து நமக்குப் பயன்படுவது வேறு: பவுடர் பாலைச் சூடான நீரில் ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கி, ஆறிய பிறகு பாட்டிலில் ஊற்றுவது. கீறலைத் தவிர்க்க நான் சொல்லும் காரணம் சாதாரணமானது, பிசுக்கு கீறலுக்குள் போனால் பிரஷ் அதை எடுக்க முடியாது.

குரோனோபாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை, பயமுறுத்த அல்ல. இது அரிதானது, ஆனால் இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் உயிருக்கே ஆபத்தாகலாம். பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல, டப்பா மூடியிருக்கும்போதே அதில் இருக்க வாய்ப்புண்டு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 70 டிகிரிக்குக் குறையாத நீரில் பவுடரைக் கலக்கச் சொல்கிறது. எவ்வளவு நல்ல பிரஷ் வாங்கினாலும் வெதுவெதுப்பான நீரில் கலக்கினால் இந்த ஓட்டை அடைபடாது. உங்கள் குழந்தைக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, நிறை மாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருந்தால் அபாயம் குறைவு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருந்தால் அது பாட்டிலால் வந்ததா என்று எழுத்தை வைத்து என்னாலும் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. டாக்டரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பாலாடையை நினைவுபடுத்தாமல் விட மனமில்லை. நம் பாட்டிமார் சங்கு என்றும் சொல்வார்கள். அகலமாகத் திறந்த வாய், ஒரு பக்கம் அலகு, ஸ்டீலோ வெள்ளியோ. அதில் மரை இல்லை, துளை இல்லை, மூடிய மூலை இல்லை. அலகின் பள்ளத்தில் ஒரு முறை விரலை ஓட்டினால் சுத்தம், பிரஷே தேவையில்லை. பிழிந்தெடுத்த தாய்ப்பால் கொடுக்க வேண்டிய குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் பாட்டிலைத் தவிர்த்துப் பாலாடையைச் சொல்லுவதில் சுத்தம் ஒரு பெரிய காரணம். பகல் வேளையில் ஒன்றிரண்டு தடவையாவது அதில் கொடுத்துப் பாருங்கள், கழுவும் பாட்டில் அந்த அளவுக்குக் குறையும்.

உங்கள் வீட்டு நிலைமைக்கு நான் செய்யச் சொல்வது: இன்று ராத்திரி வினிகர் சொட்டுச் சோதனை. உப்பு என்றால் ஊறவைத்து அதே பாட்டிலைத் தொடருங்கள். கீறல் என்றால் பாட்டிலை மாற்றுங்கள், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து, அடி உருண்டையாக, பாகங்கள் குறைவாக இருப்பதை. பிளாஸ்டிக்கே வாங்கினால் சுவருக்கு ஸ்பாஞ்ச் பிரஷ் இரண்டு, மாற்றி மாற்றி உலர்த்த. ஸ்பாஞ்சை உலர்த்த வசதிப்படாது என்றால் சிலிக்கான் ஒன்று, கூடவே பாட்டிலைத் தண்ணீர் ஊற்றி வைக்கும் பழக்கம். கண்ணாடி வாங்கினால் நுனி மூடிய நைலான். எதுவானாலும் மரைக்கும் நிப்பிளுக்கும் சின்ன பிரஷ் ஒன்று கட்டாயம். இப்போதுள்ள நைலான் பிரஷின் கைப்பிடி இணைப்பில் கறுப்பு தெரிந்தால் அதைத் தேய்த்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், இழைகள் நன்றாக இருந்தாலும் அது போகட்டும். இவ்வளவும் செய்து ஒரு வாரம் கழித்தும் வாடை வந்தால், பாட்டிலை விட்டுவிட்டு முதலில் நிப்பிளை மாற்றிப் பாருங்கள்.